மடை மேல் மண்டபமும் ஒரு வெள்ளைத் துண்டும்

எண்ணெய் காணாத இரும்புச் சக்கரம் ஒன்று முனகிக்கொண்டே சுற்றுகிற சத்தம். அதைத் தொடர்ந்து, ஓங்கி விழுந்துகொண்டிருந்த தண்ணீர் குரல் இறங்கி, ஒழுகலாகி, சொட்டாகி, நின்றுபோகிற சத்தம். கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் தம்புராவின் உறையைக் கழற்றினால் எனக்கு முதலில் அதுதான் கேட்கிறது. தந்தி அப்புறம்தான்.

தம்புரா போடுகிறவள் கச்சேரி கேட்க வந்தவளும் இல்லை, கச்சேரி செய்ய வந்தவளும் இல்லை. பாடுகிறவரின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு முழ இடம், அதுதான் அவள் உலகம். மூக்கு அரித்தால் சொறியக் கூடாது. நல்ல சங்கதிக்குத் தலையாட்டக் கூடாது. கால் மரத்துப்போய் தன் கால்தானா என்ற சந்தேகம் வந்தாலும் அசையக் கூடாது. கண்ணில் நீர் வந்தால் துடைக்கக் கை கிடையாது. இப்படி உட்கார்ந்து எழுந்த சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் நான் அந்த வேலையைச் செய்தேன். வார நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்துவேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையம் போகிற டவுன் பஸ் ஏறி, கண்மாய்க்கரை நிறுத்தத்தில் இறங்குவேன். கணவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை என்பது நீளமான கிழமையாக இருந்தது. அதைச் சுருக்குவதற்குத்தான் போக ஆரம்பித்தேன்.

திரும்பிப்போன மேடை

அந்த மண்டபத்தைக் கட்டியவர் வெங்கட்ராஜா. ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், பாட்டுக் கேட்கும்போது இரண்டும் இல்லாமல் கண்ணை மூடிக்கொள்வார். கண்மாய்க் கரையை ஒட்டி அவருக்கு இருந்த துண்டு நிலத்தில் இருநூறு பேர் உட்காரும்படி ஒரு சின்ன மண்டபம். அவர் மனதில் இருந்த படம் இது: மேற்குப் பக்கம் மேடை, மேடைக்குப் பின்னால் பெரிய பெரிய ஜன்னல்கள், ஜன்னலுக்கு அப்பால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மலை. வந்தவர்கள் பாட்டையும் கேட்கட்டும், மலையையும் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டார்.

பஞ்சு வாங்கக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனவர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தால், ஜன்னல் எல்லாம் மேற்கே சொன்னபடி இருக்கிறது. மேடை மட்டும் கிழக்குக் கோடியில் எழும்பி நிற்கிறது. அதாவது ஊர் முழுக்கக் கண்மாய்க்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். பாடுகிறவர்களும் அவர்களுக்குப் பின்னால் இருக்கிற தம்புராக்காரியும் மட்டும் தண்ணீரைப் பார்க்கலாம். வெங்கட்ராஜா தலையில் கை வைத்துக்கொண்டார். கொத்தனார் கொஞ்சமும் அசரவில்லையாம்.

"காசு கொடுத்து வாரவிய கண்ணுல சாயங்கால வெயில் அடிச்சா நல்லாவா இருக்கும், முதலாளி? காசு வாங்கப் போறவியதான பொறுத்துக்கிடணும்."

தண்ணீரின் கச்சேரி

கொத்தனாரின் வெயிலை மலை பார்த்துக்கொண்டது. ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கண்மாய் முழுக்க ஒரு வெளிச்சம் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. யாரும் நினைத்துப் பார்க்காதது வேறொன்று. மேடைக்குப் பக்கச் சுவரை அடுத்து, கரை வளைந்து வருகிற இடத்தில், பாசன மடை இருந்தது. முதல் கச்சேரி ஒரு புல்லாங்குழல். குழல்காரர் வாயில் வைத்து ஊதுகிறார், கன்னம் உப்புகிறது, விரல் நடக்கிறது, கேட்பதெல்லாம் தண்ணீர்.

வெங்கட்ராஜா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மடைக்கு ஓடினார். அங்கே ஷட்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் முத்தையா உட்கார்ந்திருந்தார். கண்மாய்ப் பாசனக்காரர்கள் வருடா வருடம் கூடி, மடை பார்க்க ஓர் ஆளை வைப்பார்கள். யாருக்கு என்றைக்கு முறையோ அவர் வயலுக்கு அந்த ஆள் தண்ணீர் விட வேண்டும். அறுவடையில் ஆளுக்குக் கொஞ்சம் நெல் அளப்பார்கள். நிலமில்லாத முத்தையா வீட்டு அடுப்பு அந்த நெல்லில்தான் எரிந்தது. கச்சேரி நேரம் மட்டும் மடையை அடைத்துவிட்டு, அந்த நேரத்தைப் பிறகு கூட்டி விட முடியுமா என்று வெங்கட்ராஜா கேட்டார். முத்தையா தண்ணீரைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார், எழுந்து சக்கரத்தைப் பிடித்தார்.

"அடைக்கேன் முதலாளி. ஆனா ஒரு வயக்காடு காஞ்சாலும் மடை எங்கையை விட்டுப் போயிரும். அத மட்டும் நெனப்புல வச்சுக்கிட்டுப் பாடச் சொல்லுங்க."

துண்டு

எப்போது அடைக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஆள் ஓடுவது சரிப்படவில்லை. மண்டபத்துக்கு முதலில் வருகிறவளும் கடைசியில் தம்புராவை உறையில் போட்டுவிட்டுப் போகிறவளும் நான்தான். அதனால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. மேடை ஓரத்தில், மடைப் பக்கம் இருந்த சின்ன ஜன்னலில் என் வெள்ளைத் துண்டைத் தொங்கவிட்டால் மடையை அடைக்க வேண்டும். எடுத்தால் திறக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

துண்டைப் போட்டதும் சக்கரம் முனகும். தண்ணீர் இறங்கும். அது முழுக்க நிற்கிற அந்தக் கணத்தில் நான் முதல் தந்தியைத் தொடுவேன். அந்த மௌனத்தைப்போல ஒன்றை நான் வேறெந்த சபாவிலும் கேட்டதில்லை. ஒரு பெரிய மனிதர் எழுந்து இடம் விட்டதைப்போல இருக்கும்.

சென்னையிலிருந்து வந்த ஓர் இளம் பாடகி கார்த்திகை மாதம் முதல் தடவையாக மேடையில் ஏறினார். கண்மாய் நிரம்பித் தளும்புகிறது. நீர்க்காகங்கள் வரிசையாகப் போகின்றன. உட்கார வந்தவர் உட்காராமல் நின்றார். "இந்த ஊர்ல கடல் இருக்குன்னு யாருமே எனக்குச் சொல்லலியே" என்றார் விளையாட்டாக. துண்டு தொங்கிய ஜன்னலுக்கு வெளியேயிருந்து முத்தையாவின் குரல் பதில் சொன்னது.

"நாலு மாசந்தான் கடலு, தாயி. பொறவு ஆடு மேயும்."

தவளைகள்

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, முத்தையா மடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை என்று. ஜன்னலுக்குக் கீழே, ஷட்டர் கம்பியில் ஒரு கையை வைத்தபடி கச்சேரி முழுக்கக் கேட்பார். உள்ளே வரச் சொன்னால், மடையைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்பார். ராகங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் வேறு. தோடிக்கு 'அந்தக் கனமான பாட்டு'. மோகனத்துக்கு 'நாத்து நடுற பாட்டு'. சகானாவுக்குப் பெயர் வைக்கவில்லை. அதைப் பாடினால் மட்டும் அடுத்த நாளும் அதைப் பற்றிப் பேசுவார் என்று அவர் மனைவி பேச்சியம்மாள் புகார் சொல்வாள். பேச்சியம்மாளுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. வேலையில்லாதவர்கள் வேலையுள்ளவர்களைக் கெடுக்கிற காரியம் என்பது அவள் முடிவு.

ஒரு ஐப்பசியில், முதல் மழைக்கு மறுநாள் வீணைக் கச்சேரி. மடையை அடைத்தாகிவிட்டது. தண்ணீர் நின்ற இடத்தில் தவளைகள் தொடங்கின. நூறா, ஆயிரமா தெரியாது. வீணைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். வெங்கட்ராஜா ஜன்னலுக்குப் போய்த் தலையை வெளியே நீட்டி, "முத்தையா, ஏதாவது செய்யப்பா" என்று கெஞ்சினார். அப்போது வந்த பதிலுக்கு மேடையில் இருந்த மிருதங்கக்காரர்கூடக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மடைக்குச் சாவி எங்கிட்ட இருக்கு, முதலாளி. தவளைக்குச் சாவி மேல இருக்கவருகிட்டல்லா இருக்கு."

முதுகுகள்

நீங்கள் எல்லோரும் பாடகர்களை முகத்தால் அறிந்தவர்கள். நான் முதுகால் அறிந்தவள். பொய்யாகப் பாடுகிறவரின் முகம் நன்றாக நடிக்கும், முதுகுக்கு நடிக்கத் தெரியாது. சுருதி கொஞ்சம் விலகினால் கழுத்துக்குக் கீழே ஒரு நரம்பு அதை முதலில் சொல்லும். ராகம் கைக்கு வந்துவிட்டால் தோள்பட்டை இரண்டும் தாமாகவே இறங்கும், சுமை இறக்கியவன் தோளைப்போல.

மதுரையிலிருந்து ஒரு பெரியவர் வருடம் ஒருமுறை வருவார். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஜிப்பாவின் முதுகில் வேர்வை ஒரு நாணய அளவில் தொடங்கும். ஆலாபனை வளர வளர அதுவும் வளரும். பல்லவி முடியும்போது முதுகு முழுக்க நனைந்திருக்கும். அவர் கண்மாயைப் பார்த்துத்தான் பாடுவார், ஆட்களைப் பார்த்து அல்ல. தண்ணீர் மேல் வெளிச்சம் குறையக் குறைய அவர் குரலும் கீழே இறங்கி, மந்தரத்தில் நின்று, அங்கேயே எதையோ தேடும். எதைத் தொலைத்தார் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் நானும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் கேட்டதில்லை. ஒரு கச்சேரி முடிந்ததும் அவர் முழு உடம்போடு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"என் முதுகை என்னைவிட நல்லாத் தெரிஞ்ச ஆள் நீதாம்மா. மறைக்காமச் சொல்லு, இன்னைக்கு எந்த இடத்துல பயந்தேன்?"

நான் செய்த தவறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் மழை பொய்த்தது. கண்மாய் பாதிதான் நிரம்பியது. ஒரு வயலுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று முறை வைத்தார்கள். தை மாதம் அந்தப் பெரியவரின் கச்சேரி. கதிர் பால் பிடிக்கிற நேரம். அன்று மாலையிலிருந்து விடியும்வரை கடைமடை வேலுச்சாமிக்கு முறை. கடைசி வாய்க்காலில், எல்லோருக்கும் அப்புறம் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில் அவருக்கு இரண்டு வயல்.

அன்றைக்குப் பார்த்து, சேத்தூரில் முத்தையாவின் தங்கை வீட்டில் ஒரு துக்கம். போகாமல் இருக்க முடியாது. மடையைப் பேச்சியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். "ஏட்டி, துண்டு இருக்க வரைக்கும் தொறக்காத. துண்டை எடுத்தா ஒடனே தொறந்துரு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு பஸ் ஏறினாராம்.

பெரியவர் அன்று சகானா பாடினார். எப்படிப் பாடினார் என்று எழுத என்னிடம் சொல் இல்லை. என் கை மட்டும் தந்திமேல் போய்வந்துகொண்டிருந்தது, மற்றதெல்லாம் எங்கேயோ இருந்தது. பாட்டு முடிந்து, தம்புராவுக்கு உறை போட்டு, யாரோ கையில் திணித்த பால்கோவாப் பொட்டலத்தோடு பஸ்ஸுக்கு ஓடினேன். கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடக்கூட இல்லை, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். அந்தத் தலைப்புதான் என்னைக் கெடுத்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் முத்தையா நின்றிருந்தார். என் துண்டைத் துவைத்து, நான்காக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். ஜன்னலில் தொங்கிய அந்தத் துண்டைப் பார்த்தபடி பேச்சியம்மாள் விடியும்வரை மடையைத் திறக்கவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நேரமாகும் என்று வயலிலேயே காத்திருந்த வேலுச்சாமியின் முறை போய்விட்டது. அடுத்த முறை வருவதற்குள் ஒரு வயல் பதராகிவிடும் என்று ஊரே சொன்னது. முத்தையா குரலை உயர்த்தவே இல்லை.

"வெள்ளிக்கிழமை கூட்டம் போடுதாக, டீச்சரம்மா. மடை போயிரும்னுதான் நெனைக்கேன். அத விடுங்க. அன்னைக்கு சகானா பாடுனாராமே, நெசமா?"

புளியமரத்தடியில்

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். மடைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் நாற்பது ஐம்பது பேர். பெண் என்று பார்த்தால் நானும் பேச்சியம்மாளும்தான். வெங்கட்ராஜா ஓரமாகக் கைகட்டி நின்றார். பிழை என்னுடையது, முத்தையாவுடையது அல்ல, துண்டை எடுக்க மறந்தவள் நான் என்று எழுந்து சொன்னேன். வகுப்பில் பேசுகிற தமிழில் சொன்னேன் போலிருக்கிறது, சிலர் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். வேலுச்சாமி சிரிக்கவில்லை. "நீங்க படிச்சவுக. ஒங்களுக்குத் துண்டு மறந்துபோச்சு. எம் பயிருக்குத் தாகம் மறந்துபோகுமா?" என்று கேட்டார். உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு பேச்சியம்மாளைக் கேட்டார்கள். கச்சேரி முடிந்து ஆட்கள் போனது தெரியவில்லையா, விளக்கை அணைத்தது தெரியவில்லையா? அவள் யாருக்கும் பயப்படவில்லை. "ஆளு போச்சு. லைட்டு போச்சு. துண்டு போகலையே! எனக்குச் சொன்னது துண்டுதான்" என்றாள். பனியில் ஒரு பொட்டும் கண் மூடாமல், கரைமேல் உட்கார்ந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முத்தையாவை நிறுத்த வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாட்டுக்கு மடையை அடைத்த பழக்கமே அவருடையதுதானே. அடுத்தது யார் என்பதுதான் கேள்வி. முத்தையா தரையில் ஒரு குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டு நெல் அந்தக் கேள்வியில் இருந்தது. அப்போது, எல்லோரையும்விட அதிகம் இழந்த வேலுச்சாமிதான் எழுந்தார்.

"மடையப் பேச்சிகிட்டக் குடுங்க. துண்டுக்கே விடிய விடிய முழிச்சிருந்தவ தண்ணிக்கு முழிக்க மாட்டாளா? அதோட, அவளுக்குப் பாட்டே பிடிக்காது!"

உள்ளே வந்தவர்

அடுத்த மாதம் நான் துண்டைப் போடவில்லை. போட்டாலும் பயனில்லை. பேச்சியம்மாள் பொறுப்பேற்ற அன்றே வெங்கட்ராஜாவிடம் சொல்லிவிட்டாள், முறைத் தண்ணீரில் ஒரு நிமிஷம்கூடக் குறையாது என்று. மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வந்தது. தண்ணீர் அதையும் விஞ்சியது.

முத்தையாவுக்கு இப்போது காவல் காக்க மடை இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் தடவையாக மண்டபத்துக்குள் வந்து, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். பாட்டுக் கேட்கிற அவர் முகத்தை மேடையிலிருந்து நான் அன்றுதான் பார்த்தேன். இத்தனை வருடம் ஜன்னலுக்கு வெளியே ஒரு குரலாகவே இருந்தவர். கச்சேரி முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்.

"வெளிய இருந்து கேக்கையில பாட்டு எம்புட்டுப் பெருசா இருந்துச்சு, டீச்சரம்மா! உள்ள வந்தா தண்ணிச் சத்தத்தோட இருமுத சத்தம், காத்தாடி சத்தம், பக்கத்துல ஒருத்தர் குறட்டை. நீங்கள்லாம் இத்தன நாளா எப்பிடித்தான் கேட்டீகளோ!"

பெரியவர் மறுபடி வந்தது

மழை திரும்பிய வருடத்தில் மதுரைப் பெரியவர் மறுபடி வந்தார். கண்மாய் வற்றிய மாதங்களுக்குக் கச்சேரிகளை மாற்றிவிடலாம், அப்போது மடை ஓடாது என்று வெங்கட்ராஜா அவரிடம் யோசனை கேட்டார். ஆடு மேய்கிற கண்மாயைப் பார்த்துப் பாட இங்கே எதற்கு வர வேண்டும் என்று பெரியவர் மறுத்துவிட்டார். ஒலிபெருக்கியையும் நிறுத்தச் சொன்னார். தம்புராவைத் தன் காதோரம் வைத்துக்கொள்ளும்படி என்னை முன்னால் இழுத்து உட்கார வைத்தார்.

பாடத் தொடங்கியவர் தண்ணீரோடு மல்லுக்கட்டவில்லை. அது ஓயாது என்று தெரிந்த ஒருவரோடு பேசுவதைப்போல, அதன் இடைவெளிகளில் மெல்லப் பாடினார். கேட்கிறவர்கள் ஒவ்வொருவராக முன்னால் சாய்ந்தார்கள். இருமல் நின்றது. காத்தாடியை யாரோ நிறுத்தினார்கள். இருநூறு பேரும் அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் முன்பு பார்த்ததில்லை. மூன்றாம் வரிசையில் முத்தையா கண்ணை மூடியிருந்தார்.

முடிந்ததும் பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மடைக்கு இறங்கி வந்தார். பேச்சியம்மாள் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். "பாட்டு எப்படி இருந்ததும்மா?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்று, மரியாதையாக, உள்ளதைச் சொன்னாள்.

"பாட்டு என் காதுல விழலைங்க அய்யா. தண்ணி மட்டும் ஒரே சீரா, குறையாம வந்துச்சு."

பெரியவர் அவளைக் கும்பிட்டார்.

அதன் பிறகு பேச்சியம்மாள் பதினோரு வருடம் மடை பார்த்தாள், ஒரு கச்சேரிக்கும் அவள் அதை அடைக்கவில்லை, ஒரு கச்சேரியையும் முத்தையா விடவில்லை.